தெருவில் தொடங்குங்கள்: குடிசைப் பகுதி மேம்பாட்டு வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

சென்னையில் குடிசைப் பகுதி மேம்பாடு என்றால், இருக்கிற இடத்தைக் காலி செய்து ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கொடுப்பது என்றுதான் பெரும்பாலும் ஆகிவிட்டது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எல்லாம் அப்படி உருவானவை. மேலே கான்கிரீட் கூரை வந்தது உண்மைதான். ஆனால் மயிலாப்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண், காலை ஆறரைக்கு அங்கே போய் நிற்க முடியாமல் வேலையை இழந்தார். பிள்ளைகள் பள்ளி மாறினார்கள், சிலர் பள்ளியை விட்டே நின்றார்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்து, தண்ணீர், கழிவுநீர், பாதை, கூரை என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொள்வது. சென்னைக்கு இது புதிதும் இல்லை. 1977-இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய நகர வளர்ச்சித் திட்டத்தில் பல குடிசைப் பகுதிகளுக்கு இருந்த இடத்திலேயே குழாயும் பாதையும் விளக்கும் வந்தன. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் மனை பிரித்து, அடிப்படை வசதி மட்டும் செய்து கொடுத்து, கையில் காசு சேரும்போது வீட்டை அவரவரே கட்டிக்கொள்ள விட்டார்கள். இன்று அந்தத் தெருக்களில் நடந்தால் அரசுத் திட்டத்தில் வந்த இடம் என்றே தெரியாது.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வழிக்கானது. கட்டடக்கலை, சிவில், சமூகப்பணி படித்துவிட்டு இந்த வேலைக்கு வருபவர்களையும், அதே பகுதியில் பிறந்து இப்போதுதான் சங்க வேலையில் இறங்கும் இளைஞர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: திட்ட வரைபடத்தை எவ்வளவு தாமதமாக விரிக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. அதற்கு முன் ஒரு தெருவின் கணக்கும் அந்தத் தெருவின் சேமிப்பும் அந்தத் தெருக்காரர்கள் கையிலேயே இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

முதல் படி: மண் யாருடையது?

பகுதிக்குள் காலடி வைப்பதற்கு முன்பே பாதி வேலையை உட்கார்ந்த இடத்தில் முடிக்கலாம். சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். நகரப் பகுதி என்றால் டி.எஸ்.எல்.ஆர். எனப்படும் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலைத் தமிழ்நாடு அரசின் மின்சேவைத் தளத்தில் பார்க்கலாம். நிலம் மாநகராட்சியுடையதா, குடிசைப் பகுதிகளுக்கான மாநில வாரியத்துடையதா, கோயிலுடையதா, ரயில்வே அல்லது துறைமுகத்துடையதா, தனியாருடையதா என்று அதில் தெரியும். புறம்போக்கு என்று இருந்தால் என்ன புறம்போக்கு என்று பாருங்கள். குடியிருப்புக்கான நத்தமும் நீர்நிலையும் ஒன்றில்லை. ஏரி, குளம் சார்ந்த நிலத்துக்கு 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா வாங்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம், நீங்களும் சொல்ல வேண்டாம். ரயில்வே நிலம் என்றால் முடிவெடுப்பது மத்திய அரசு. மாநில வாரியத்தின் வாசலில் வருடக்கணக்கில் நிற்பதில் பயனில்லை.

அடுத்தது, அந்தப் பகுதி 'அறிவிக்கப்பட்ட' குடிசைப் பகுதியா என்பது. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் சட்டத்தின் கீழ் சென்னையில் முதலில் 1,202 பகுதிகளை அறிவித்தார்கள். 1985-இல் 17 சேர்ந்தன. அதற்குப் பிறகு முளைத்த பகுதிகள் பெரும்பாலும் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. பட்டியலில் இருந்தால் மேம்பாடு கேட்கவும், வெளியேற்றத்தை எதிர்க்கவும் பிடிமானம் உண்டு. இதைக் கவனிக்கும் மாநில வாரியத்தின் பெயர் முன்பு குடிசை மாற்று வாரியம், 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். அங்கே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்வியைச் சுருக்கமாக, சர்வே எண்ணோடு கேளுங்கள். "எங்கள் பகுதியின் நிலை என்ன?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும்.

இரண்டாம் படி: யாரிடம் பேசுவது

உள்ளே போனதும் "தலைவர் யார்?" என்று கேட்டால் ஒருவரைக் காட்டுவார்கள். அவரைப் பார்த்து வணக்கம் சொல்லுங்கள், வந்த காரணத்தைச் சொல்லுங்கள், அதோடு நிற்காதீர்கள். மீனவர் குப்பம் என்றால் ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தெரியாமல் எதையும் தொடங்க முடியாது. மற்ற இடங்களில் மன்றம், கோயில் கமிட்டி, சர்ச், கட்சிக் கிளை எல்லாம் இருக்கும். பெரும்பாலும் ஆண்கள். தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பதும், குடத்தை வரிசையில் வைத்துச் சண்டை போடுவதும், வயசுப் பெண்ணை ராத்திரி கழிப்பறைக்குக் கூட்டிப் போவதும் யார் என்று பாருங்கள், வேலை அவர்களோடுதான். மகளிர் சுயஉதவிக் குழு ஏற்கெனவே இருந்தால் அதன் ஊக்குநரைப் பிடியுங்கள். எந்த வீட்டில் எவ்வளவு கடன், யார் யாரோடு பேசுவதில்லை என்பது வரை அவருக்குத் தெரியும்.

முதல் கேள்வி எங்கும் ஒன்றாகத்தான் இருக்கும்: "சார், எப்ப வீடு குடுப்பீங்க?" நீங்கள் வீடு கொடுக்க வரவில்லை என்பதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். மழுப்பினால் ஆறு மாதம் கழித்து வேறு மாதிரி கேட்பார்கள். "வீடு தர எங்ககிட்ட எதுவும் இல்லக்கா. இந்தத் தெருவுக்கு என்ன வேணும்னு நீங்க முடிவு பண்ணுனா, அதுக்குக் கணக்குப் போட, மனு எழுத, ஆபீசுக்குக் கூட வர நாங்க இருக்கோம்." இவ்வளவு போதும். பாதிப் பேர் எழுந்து போவார்கள். மிச்சமிருப்பவர்களோடு தொடங்குங்கள்.

பகுதி முழுவதையும் ஒரே கூட்டத்தில் சேர்க்க முயலாதீர்கள். ஐந்நூறு வீடு கூடினால் மைக் பிடித்தவர்தான் பேசுவார். ஒரு தெரு, இருபது முப்பது வீடு. அந்த அளவில்தான் எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள், கணக்கில் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது.

மூன்றாம் படி: மக்களே எடுக்கும் கணக்கு

இந்தப் படியில் நேரத்தைத் தாராளமாகச் செலவிடுங்கள். மும்பையின் குடிசைவாசிகள் இயக்கத்தைக் கட்டியவர்களில் முக்கியமானவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். ஜனதா காலனியில் குப்பை அள்ள ஆள் வராதபோது, பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு குப்பையைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி மாநகராட்சி அலுவலகத்திலேயே கொண்டுபோய்ப் போட்டவர். அதே காலனியை 1976-இல் இடித்து மக்களைச் சீட்டா கேம்ப்புக்கு அனுப்பினார்கள். போராட்டம் மட்டும் போதாது, கையில் கணக்கும் வேண்டும் என்ற பாடம் அந்த இயக்கத்தில் ஆழமாக இறங்கியது. நடைபாதைவாசிகளை அகற்றலாம் என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, மும்பையின் பைக்குல்லா பக்கம் சுமார் 6,000 நடைபாதைக் குடும்பங்களை, பின்னால் அந்த இயக்கத்தோடு கைகோத்த ஸ்பார்க் என்ற தொண்டு நிறுவனம் நடைபாதைவாசிகளோடு சேர்ந்து கணக்கெடுத்தது. நேற்று வந்து நாளை போகிறவர்கள் என்று அதிகாரிகள் நினைத்துக்கொண்டிருந்தவர்கள், வருடக்கணக்கில் அங்கேயே வாழ்ந்து, நகரத்தில் உழைக்கிறவர்கள் என்று எழுத்தில் வந்தது. அந்த நடைபாதைக் குடும்பங்களின் பெண்கள் சேர்ந்துதான் அடுத்த வருடம் மகிளா மிலன் என்ற பெண்கள் அமைப்பு உருவானது. அற்புதத்துக்கு 2000-இல் மகசேசே விருது கிடைத்தது.

செய்முறை இப்படி. ஒவ்வொரு கதவுக்கும் சுண்ணாம்பாலோ பெயின்ட்டாலோ எண் போடுங்கள். கணக்கெடுக்க இரண்டிரண்டு பேராக அனுப்புங்கள். ஒருவர் அந்தத் தெரு, இன்னொருவர் பக்கத்துத் தெரு. கேள்வித்தாள் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எத்தனை பேர், எத்தனை வருடமாக, சொந்தமா வாடகையா, தண்ணீர் எங்கிருந்து, கழிப்பறை எது, என்ன வேலை, வேலைக்கு எங்கே போகிறார்கள். கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நாளை இடமாற்றப் பேச்சு வந்தால் உங்கள் பக்கத்தில் நிற்கப்போகும் பதில் அதுதான்.

கதவை எண்ணாதீர்கள், அடுப்பை எண்ணுங்கள். ஒரே கதவுக்குள் அப்பா அம்மா, கல்யாணமான மகன், திரும்பி வந்த மகள் என்று மூன்று அடுப்பு இருக்கும். அரசுக் கணக்கில் அது ஒரு குடும்பம். அதே போல வாடகைக்கு இருப்பவர்கள். வீட்டுக்காரர் "நான்தான் இருக்கேன்" என்று சொல்வார், குடியிருப்பவர் பயந்து வாய் திறக்க மாட்டார். வாடகைக் குடும்பங்களை விட்டுவிட்டு எடுத்த கணக்கு, பகுதியின் ஏழ்மையான பாதியை விட்டுவிட்ட கணக்கு. மாலையில் வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் இன்னொரு முறை போய்ப் பாருங்கள்.

ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் எதையும் வாங்காதீர்கள். உங்களுக்கு அவை தேவையில்லை. கை மாறினால் ஆபத்து. தாள்கள் தெருக் குழுவிடம் இருக்கட்டும், உங்களிடம் நகல் போதும்.

கையோடு தெருவின் படத்தையும் வரையுங்கள். செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக அச்சிட்டுத் தரையில் விரித்தால் பிள்ளைகளே சுற்றி உட்கார்ந்து வீட்டைக் காட்டிவிடுவார்கள். மேலே கூரை மட்டும்தான் தெரியும் என்பதால் சந்தின் அகலம், கழிவுநீர்ச் சேம்பர், அடிபம்பு, மின்கம்பம், வெளியே நீட்டியிருக்கும் படிக்கட்டு எல்லாவற்றையும் டேப் பிடித்து அளந்து குறியுங்கள். மழைக்குத் தண்ணீர் எதுவரை ஏறியது என்று சுவரில் பெரியவர்கள் காட்டுவார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தின் மட்டம் பல வீடுகளில் இன்னும் நினைவில் இருக்கிறது. அதையும் படத்தில் ஏற்றுங்கள்.

எல்லாம் முடிந்ததும் தெருவில் வைத்துச் சத்தமாகப் படியுங்கள். தப்பு இருந்தால் அங்கேயே கத்துவார்கள். அந்தச் சண்டை முடிந்த பிறகு இருக்கும் எண்தான் சரியான எண். குழுக்காரர்கள் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதி வையுங்கள்.

நான்காம் படி: தெருவின் காசு

கணக்கெடுக்கும்போதே சேமிப்பும் தொடங்கலாம். மகிளா மிலன் பெண்கள் தினமும் வீடு வீடாகப் போய் ஐந்தோ பத்தோ, இருப்பதை வாங்குவார்கள். இல்லையென்றால் சும்மா பேசிவிட்டு வருவார்கள். பணத்தை விட அந்தப் பேச்சு முக்கியம். யார் வீட்டில் சாப்பாடு இல்லை, யாருக்கு உடம்பு சரியில்லை, எந்த அதிகாரி வந்துவிட்டுப் போனார் என்பதெல்லாம் அதில்தான் தெரியவரும்.

நம் ஊரில் சீட்டுப் பிடித்து ஓடிப்போனவர்கள் கதை ஒவ்வொரு தெருவிலும் ஒன்று இருக்கிறது. அதனால் கொஞ்சம் கறாராக இருங்கள். பணம் வங்கியில், மூன்று பேரில் இரண்டு பேர் கையெழுத்தில். அந்த மூவரும் ஒரே குடும்பமாகவோ ஒரே கட்சியாகவோ இருக்கக் கூடாது. மாதம் ஒருமுறை வரவு செலவைப் பெரிய எழுத்தில் எழுதிப் பொதுக் குழாய் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: அந்தப் பணம் ஒரு நாள்கூட உங்கள் கையிலோ உங்கள் நிறுவனத்தின் கணக்கிலோ இருக்கக் கூடாது. சங்கமாகப் பதிய வேண்டுமென்றால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழு பேர் போதும். ஆனால் அவசரப்பட வேண்டாம். பதிவு முடிந்த மறுநாளே பதவிச் சண்டை தொடங்கும். சேமிப்பு சில மாதம் ஓடி, யார் நம்பத்தக்கவர் என்று தெருவுக்கே தெரிந்த பிறகு பதியலாம்.

ஐந்தாம் படி: முதல் வேலை

முதல் வேலை சிறியதாக, எல்லோர் கண்ணிலும் படுவதாக, சில வாரத்தில் முடிவதாக இருக்க வேண்டும். உடைந்த சேம்பர் மூடி, எரியாத தெருவிளக்கு, குழாயடியில் தேங்கும் தண்ணீர். சென்னை மாநகராட்சிக்கு 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்வதையே சிலர் முதன்முறையாக அப்போதுதான் செய்வார்கள். சரி, அது நடந்தால் பெரிய வேலைக்குத் தைரியம் வரும்.

பெரிய வேலை பெரும்பாலும் கழிவுநீராகத்தான் இருக்கும். இதில் உலகமே திரும்பிப் பார்த்த இடம் கராச்சியின் ஓரங்கி. 1980-இல் சமூக சேவகர் அக்தர் ஹமீத் கான் அங்கே போனபோது தெருவெல்லாம் சாக்கடை. அரசு வந்து இலவசமாகச் செய்யும் என்று மக்கள் காத்திருந்தார்கள். அவர் வேலையை இரண்டாகப் பிரித்தார். வீட்டுக் கழிப்பறை, தெருவுக்குள் குழாய், அதைச் சேர்க்கும் கிளைக் குழாய் வரை மக்கள் தங்கள் செலவில் போட்டுக்கொள்வது. பெரிய வடிகாலும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு. இருபது முப்பது வீடு கொண்ட ஒவ்வொரு தெருவும் ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்துக் காசு சேர்த்தது. கானின் திட்ட அமைப்பு காசைத் தொடவில்லை. மட்டம் பார்த்து, மதிப்பீடு போட்டு, கருவிகளை இரவல் கொடுத்தது. ஒப்பந்தக்காரரின் லாபமும் தேவையற்ற ஆடம்பர வடிவமைப்பும் போனதால் செலவு அரசு மதிப்பீட்டில் ஒரு சிறு பங்காகக் குறைந்தது. வீட்டுக்கும் தெருக் குழாய்க்கும் நடுவே ஒரு சின்னத் தொட்டி வைத்தார்கள். கெட்டியானது அதில் தங்கிவிடும், தெருக் குழாய் அடைக்காது. அங்கே பிள்ளைகளை வைத்துப் பகுதியின் வரைபடங்களைத் தயாரித்தவர் பர்வீன் ரஹ்மான். அந்த வரைபடங்கள் நில மாஃபியாவுக்கு இடைஞ்சலாக இருந்தன. 2013 மார்ச்சில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

ஓரங்கியை அப்படியே சென்னைக்குத் தூக்கி வர முடியாது. அங்கே நிலம் இயற்கையாகவே ஓடைகளை நோக்கிச் சரிகிறது. சென்னையோ தட்டை பூமி. ஆறு அங்குலக் குழாய்க்கு நூறு அடிக்கு ஒரு அடியாவது சரிவு வேண்டும் என்று வையுங்கள். முந்நூறு அடி சந்து என்றால் கடைசியில் மூன்றடி கூடுதல் ஆழம். அங்கே இருக்கும் மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர், கழிவுநீர் வாரியம்) மேன்ஹோலின் அடிமட்டம் அதை விட மேலே இருந்தால் கழிவு உங்கள் தெருவுக்கே திரும்பி வரும். எனவே ஒரு செங்கல் வாங்குவதற்கு முன், மூடியைத் திறந்து கம்பு விட்டு ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். யாரும் உள்ளே இறங்கக் கூடாது, ஒரு நிமிடம்கூட. தெருவில் இருக்கும் கொத்தனாரிடம் டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய் இருக்கும். அதை வைத்தே முழுச் சந்தின் மட்டத்தையும் எடுத்துவிடலாம். கட்டட வேலைக்குப் போகிற மேஸ்திரியும் பிளம்பரும் எந்தக் குடிசைப் பகுதியிலும் இருப்பார்கள். ஊரான் வீட்டுக்கு வேலை செய்கிறவர்களை உங்கள் தெருவின் பொறியாளர்களாக மதியுங்கள், கூலியும் கொடுங்கள். இலவசமாக உழைக்கச் சொல்வது தன்னார்வம் ஆகாது.

இன்னும் சில விஷயங்கள், சுருக்கமாக. கழிவுக் குழாயை மழைநீர் வடிகாலில் விடாதீர்கள். எளிதாக இருக்கும், ஆனால் வடிகால் மாநகராட்சியுடையது, கழிவுநீர் மெட்ரோ வாட்டருடையது, இரண்டு அலுவலகமும் பின்னால் உங்களைத்தான் பிடிக்கும். குடிநீர்க் குழாய் எதிர்ப்பக்கச் சுவரோரம், கழிவுக் குழாயை விட உயரத்தில் போகட்டும். லைனில் மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடு இருந்தால் முதலில் அந்தப் பஞ்சாயத்தை முடியுங்கள். குழாயில் சின்னக் கசிவு இருந்தாலும் மோட்டார் சாக்கடையைத்தான் உள்ளே இழுக்கும்.

சந்து ரொம்பக் குறுகல் என்றால் குழாய் போடும் முன்பே ஒரு கடினமான பேச்சு நடக்க வேண்டும். ஆளுக்கு ஓரடி விட்டுக் கொடுப்பது. பாங்காக்கின் பாங் புவா கால்வாய்க் கரையில் வீடுகள் தண்ணீருக்கு மேலேயே நீட்டிக்கொண்டிருந்தன. கால்வாயை நாசமாக்குகிறவர்கள் என்று அவர்களை அகற்றப் பார்த்தார்கள். மக்கள் சேமிப்புக் குழுவாகச் சேர்ந்து, வீடுகளைத் தாங்களே பின்னால் தள்ளி, கரையோரம் பாதை விட்டு, அரசிடமிருந்து 30 ஆண்டுக் குத்தகை வாங்கினார்கள். 2003-இல் தாய்லாந்து அரசு தொடங்கிய பான் மன்கோங் திட்டத்தில் மானியமும் கடனும் இப்படிக் கூட்டாகச் சேர்ந்தவர்களுக்கே போகிறது. நம் ஊரில் இந்த மாதிரித் திட்டம் இல்லை. ஆனால் ஓரடி விட்டுக் கொடுக்கத் திட்டம் எதுவும் தேவையில்லை. முதலில் தலைவர் வீட்டுப் படிக்கட்டை உள்ளே எடுங்கள், மற்றவர்கள் தானாக வருவார்கள்.

ஆறாம் படி: அலுவலகத்துக்குப் போவது

இப்போதுதான் மனு. கையில் கணக்கு, படம், வங்கிப் புத்தகம், முடித்துக் காட்டிய ஒரு சிறு வேலை இருக்கின்றன. வார்டு உதவிப் பொறியாளரைத் தெருவுக்கே அழைத்து வாருங்கள். பேசப் போவது தெருப் பெண்கள். நீங்கள் பின்னால் நில்லுங்கள்.

"பட்டா இல்லாத இடத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது" என்பதுதான் வழக்கமான பதில். இதற்கு அகமதாபாத் ஒரு நல்ல மறுமொழி. 1995-இல் அங்கே மாநகராட்சி தொடங்கிய பரிவர்த்தன் திட்டத்தில் ஒவ்வொரு வீடும் 2,100 ரூபாய் கட்டியது. வீட்டுக்கு வீடு தண்ணீர், கழிவுநீர் இணைப்பு வந்தது. நில உரிமை கொடுக்கவில்லை. பத்து ஆண்டுகளுக்கு அகற்ற மாட்டோம் என்று மட்டும் மாநகராட்சி எழுதிக் கொடுத்தது. அந்த ஒரு தாள் போதும் என்று மக்கள் வீட்டில் காசு போட்டார்கள். பட்டா வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருங்கள், அதற்காகக் குழாயைத் தள்ளிப் போடாதீர்கள்.

பணத்துக்கு மூன்று வாசல். கவுன்சிலரின் வார்டு நிதி, ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் உள்ள சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி, அப்புறம் மக்களும் பங்கு போடும் 'நமக்கு நாமே' அரசுத் திட்டம். கடைசியாகச் சொன்னதில் மக்கள் பங்கு மூன்றில் ஒன்று என்பதால், சேமிப்பு வைத்திருக்கும் தெருவுக்குத்தான் அது உதவும். நகராட்சி, மாநகராட்சிகளில் 2022 நவம்பர் 1 முதல், வார்டுக்குள் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. கூட்டம் நடக்கும் தேதியைக் கேட்டு வைத்து, தீர்மானத்தை எழுதியே கொண்டு போங்கள். வாயால் சொன்னது மினிட்ஸில் ஏறாது.

வெயில், வெள்ளம், ரோடு

ரோடு வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். கேளுங்கள், ஆனால் பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடச் சொல்லிக் கேளுங்கள். அப்படித்தான் போட வேண்டும் என்று அரசு உத்தரவே இருக்கிறது. மேலே மேலே போட்டு, வாசற்படி ரோட்டுக்குக் கீழே போன வீடுகள் சென்னை முழுக்க உண்டு; அந்த வீட்டுக்கு ஒரு மணி நேர மழை போதும். சந்து முழுக்கச் சுவரோடு சுவராக கான்கிரீட் ஊற்றவும் விடாதீர்கள். ஓரத்தில் மண் விட்டால் தண்ணீர் இறங்கும், ஒரு முருங்கையாவது நிற்கும்.

ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரை வீடுகளில் மே மாதம் பகலில் கைக்குழந்தையோடு இருக்க முடியாது. கூரைக்கு வெள்ளை அடிப்பது மலிவான வேலை. வெளிச்சத்தைத் திருப்பும் பெயின்ட் கிடைக்கிறது, இல்லையென்றால் சுண்ணாம்பே பரவாயில்லை. கர்ப்பிணிகளும் வயதானவர்களும் இருக்கும் வீடுகளை முதலில் எடுங்கள்.

நோட்டீஸ் வந்தால்

பதறிப்போய்க் கையெழுத்துப் போட விடாதீர்கள். நோட்டீஸ் எந்தத் துறை, எந்தச் சர்வே எண், எத்தனை நாள் கெடு என்று படியுங்கள். சில சமயம் சர்வே எண்ணே உங்களுடையதாக இருக்காது. அறிவிக்கப்பட்ட பகுதி என்றால் குடியிருப்பவரை வெளியேற்ற உரிய அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு; 15100-க்கு அழைக்கலாம். அகற்றுவதற்கு முன் மக்களைக் கணக்கெடுத்து அவர்களோடு கலந்து பேச வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2010-இலும் 2019-இலும் சொன்னது. தமிழ்நாட்டு நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது, ஆனால் வழக்கறிஞருக்குப் பயன்படும். உங்கள் தெருவின் கையெழுத்திட்ட கணக்கு அங்கே ஆவணமாகும்.

ஆற்றோரம், கால்வாயோரம் என்றால் கொஞ்சம் நேர்மையாகப் பேச வேண்டியிருக்கும். வருடா வருடம் கழுத்தளவு தண்ணீர் வரும் கரையில் இருந்தே தீருவோம் என்று மக்களைத் தூண்டிவிட்டு நீங்கள் இரவு வீட்டுக்குப் போவது சரியில்லை. அங்கே கேட்க வேண்டியது ஐந்து கிலோமீட்டருக்குள் மாற்று இடம், பள்ளி ஆண்டு முடியும்வரை அவகாசம், தெரு பிரியாமல் ஒரே இடத்தில் குடியேற்றம். கணக்கெடுப்பில் வேலைக்குப் போகும் இடத்தைக் கேட்டீர்களே, அதை இப்போது எடுங்கள்.

முடிந்த பிறகு

திறப்பு விழா நடந்த கழிப்பறை ஆறு மாதத்தில் பூட்டிக் கிடப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தண்ணீர் மோட்டார் எரிந்திருக்கும், கரன்ட் பில் கட்டியிருக்க மாட்டார்கள். திருச்சியில் பல குடிசைப் பகுதிகளில் பெண்கள் குழுக்களே பொதுக் கழிப்பறைகளை நடத்துகின்றன. சிறு கட்டணம் வாங்கி, முறை வைத்து உட்கார்ந்து, துப்புரவுக்கு ஆளுக்குச் சம்பளம் கொடுத்து, மிச்சத்தைப் பகுதிக்கே செலவழிக்கிறார்கள். குழந்தைகளுக்குக் குறைந்த உயரத்தில் தனி இடம், பெண்களுக்குத் தனி வாசல், காவலருக்கு ஓர் அறை: இவற்றை வரைபடத்திலேயே கேட்டு வாங்குங்கள், கட்டிய பிறகு சேர்க்க முடியாது.

குழாய் போட்ட தெருவிலும் மாதாமாதம் வீட்டுக்கு ஒரு சிறு தொகை தனியாக ஒதுங்கட்டும். தொட்டி நிரம்பினால் உறிஞ்சும் லாரிக்கு 14420-ஐ அழையுங்கள். ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம், இறங்குகிறவர் செத்தும் போகிறார். குழாய் எங்கே வளைகிறது, எந்த வீட்டு வாசலில் எத்தனை அடியில் இணைப்பு என்ற படத்தை லேமினேட் செய்து இரண்டு பேர் வீட்டில் வையுங்கள். நீங்கள் வருவதை வாரம் இரண்டு என்பதிலிருந்து மாதம் ஒன்று என்று குறையுங்கள். அடைப்பு எடுக்க உங்களுக்கு போன் வருவது நின்று, பக்கத்துத் தெருக்காரர்கள் இந்தத் தெருப் பெண்களிடம் மட்டம் பார்க்கக் கேட்டு வருகிறார்கள் என்றால், அடுத்த தெருவுக்கு அவர்களே போகட்டும். நீங்கள் டியூப் லெவல் கொடுத்திருந்தால் அதை மட்டும் திருப்பிக் கேட்காதீர்கள்.